அதை டிசைன் என்று சொல்லாதீர்கள்

நண்பர் வீட்டுக் கூடத்தில் புதிதாக ஒரு படம் மாட்டியிருந்தார்கள். செம்மண் நிறத்தில் வட்டத்துக்குள் வட்டம், சுற்றிலும் வெள்ளைப் புள்ளிகள். ஆஸ்திரேலியாவிலிருந்து உறவினர் வாங்கி வந்த பூர்வகுடி ஓவியமாம். பார்த்தவர்கள் எல்லோரும் "டிசைன் நல்லா இருக்கே" என்றார்கள். நானும் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். அப்போது சொல்லாமல் விட்டதை இங்கே சொல்கிறேன்.

மேற்கு ஆஸ்திரேலியாவின் கிரேட் சாண்டி பாலைவனத்தில் வல்மஜாரி, வங்கஜுங்கா, மங்காலா என்று பல மொழி பேசும் பூர்வகுடி மக்கள் வாழ்ந்தார்கள். கடந்த நூற்றாண்டின் நடுவில் குடும்பம் குடும்பமாக வெளியேறி, வடக்கே மாட்டுப் பண்ணைகளுக்கும் மிஷன்களுக்கும் வந்து சேர்ந்தார்கள். வெள்ளையர் வருவதற்கு முன் அந்தக் கண்டம் யாருக்கும் சொந்தமில்லாத நிலமாகக் கிடந்தது என்ற பொய்யை 1992இல் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றத்தின் மாபோ தீர்ப்பு உடைத்தது. அடுத்த ஆண்டே பூர்வகுடிகளின் நில உரிமைக்குச் சட்டம் வந்தது. சரி, இனி உரிமை கேட்கலாம். ஆனால் எதைக் காட்டிக் கேட்பது? பட்டா இல்லை, எல்லைக்கல் இல்லை. பெரியவர்கள் பலருக்கு ஆங்கிலத்தில் வாதாடும் பழக்கமும் இல்லை.

1997இல் அந்த மக்கள் பாலைவன விளிம்பில் பிர்னினி என்ற இடத்தில் கூடி, 10 மீட்டருக்கு 8 மீட்டர் துணியைத் தரையில் விரித்தார்கள். நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் அதன் மேலேயே உட்கார்ந்து வரைந்தார்கள். அவரவர் தங்கள் பகுதியை மட்டும்தான் வரைந்தார்கள். அடுத்தவர் ஊற்றை வரைய இன்னொருவருக்கு உரிமை கிடையாது. எனக்கு இதில் மிகப் பெரிய விஷயமாகப் படுவது இதுதான். அந்தப் படத்தில் ஒரு வட்டத்தை யார் போட்டார் என்பதே, அந்த இடம் யாருடையது என்பதற்கான பதில்.

வட்டங்களில் பல 'ஜிலா'க்கள், அதாவது வற்றாத ஊற்றுகள். அவை ஒவ்வொன்றிலும் மழையைக் கொண்டுவரும் பாம்பு உருவ மூதாதை குடியிருப்பதாக நம்பிக்கை. மணல்மேட்டுக்கு நடுவில் ஊற்று எங்கே இருக்கிறது, அதற்கு எந்தப் பாட்டு, அதை எந்தக் குடும்பம் காக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள்தான் அங்கே பிழைத்திருக்க முடியும்.

அப்புறம் நில உரிமைக் கோரிக்கைகளைக் கவனிக்கும் தீர்ப்பாயத்தார் முன்னால், ஒவ்வொருவரும் துணியில் தாங்கள் வரைந்த இடத்தில் போய் நின்று, தங்கள் மொழியிலேயே பேசினார்கள். 'இது என் ஊர்' என்று காலடியைக் காட்டிச் சொல்கிற சாட்சி. படத்தின் பெயர் ஙுர்ரரா. சொந்த ஊர், வீடு என்று பொருள். நம் அரிச்சுவடியில் எழுதிப் பழகுவதோடு நாம் விட்டுவிடும் 'ங' அவர்கள் வீட்டுக்கு முதலெழுத்து என்று தெரிந்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

தீர்ப்பு வர 2007 நவம்பர் ஆனது. 77,000 சதுர கிலோமீட்டருக்கு மேல், டாஸ்மேனியாவைவிடப் பெரிய நிலப்பரப்பு, அவர்களுடையது என்று நீதிமன்றம் ஏற்றது. அந்தப் பத்து ஆண்டுகளுக்குள் வரைந்த பெரியவர்களில் சிலர் இறந்துபோயிருந்தார்கள்.

'டிசைன்' என்ற சொல்மேல் எனக்குக் கோபம் வருவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1966இல் ஆஸ்திரேலியா வெளியிட்ட ஒரு டாலர் நோட்டில் ஒரு மரப்பட்டை ஓவியத்தை அச்சிட்டார்கள். குர்மிரிங்கு என்ற மூதாதை வேட்டைக்காரரின் இறுதிச் சடங்கு அது. வரைந்தவர் டேவிட் மலாங்கி, வட ஆஸ்திரேலியாவின் ஆர்ன்ஹெம் லேண்டில் உயிரோடுதான் இருந்தார். ஆனால் அவரிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. விஷயம் வெளியே வந்த பிறகு 1,000 டாலரும் ஒரு பதக்கமும் மீன்பிடிக் கருவிகளும் கொடுத்தார்கள். மூதாதையின் சாவுச் சடங்கை நாடு முழுக்கக் கைமாற்றிவிட்டுத் தூண்டில் கொடுத்திருக்கிறார்கள்!

பூர்வகுடி மக்களே நடத்தும் கலை மையங்களில் வாங்கினால், வரைந்தவர் பெயரும் எந்த இடத்தின் கதை என்பதும் எழுதிய சான்றிதழ் ஒன்றைப் படத்தோடு தருவார்கள். ஞாயிற்றுக்கிழமை நண்பர் வீட்டுக்குப் போகிறேன். அந்தப் படத்தோடு அப்படி ஒரு தாள் வந்ததா என்று கேட்க வேண்டும்.