வால்வு ஒன்று கற்றுத் தந்தது

விண்வெளிப் பொறியியல் குறுகிய காலப் பயிற்சிகளைத் துறையில் பல வருடம் உழைத்தவர்களே நடத்த வேண்டும் என்று ஒரு கட்டுரையாளர் எழுதியிருந்தார். அந்தக் கருத்தை முழு மனதோடு ஏற்கிறேன். கடலூர் சிப்காட்டில் வால்வு செய்யும் பட்டறையில் வேலை பார்ப்பவன் நான். போன வருடம் புதுச்சேரியில் மூன்று நாள் வகுப்புக்குப் போனேன். நடத்தியவர் கிரையோஜெனிக் எஞ்சின், அதாவது கடுங்குளிரில் திரவமாக்கிய எரிபொருளில் ஓடும் ராக்கெட் எஞ்சின், வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர்.

முதல் நாளே 2021 ஆகஸ்டில் தோல்வியடைந்த இஸ்ரோவின் ஜி.எஸ்.எல்.வி. எஃப்10 ராக்கெட்டை எடுத்துக்கொண்டார். திரவ ஹைட்ரஜன் தொட்டியின் வால்வில் கசிவு. தொட்டியில் போதிய அழுத்தம் ஏறவில்லை, மேல்கட்ட எஞ்சின் பற்றவே இல்லை. வால்வில் கசிவைத் தடுக்கும் மென்மையான அடைப்பான சீல் சேதமாகியிருக்கலாம் என்பது ஆய்வுக் குழுவின் கணிப்பு. மைனஸ் 253 டிகிரியில் சீல் எப்படி இறுகும், ஒரு தூசி என்ன செய்யும், போல்ட்டை முறுக்கும் விதம் எப்படி வால்வையே வளைக்கும் என்று ஒரு மதியம் முழுக்கப் பேசினார். நாங்கள் தினமும் தொடுகிற பொருள் அது! அதற்கு முன் வேறோர் இடத்தில் ஸ்லைடுகளை வாசித்துக் காட்டிய வகுப்பில் இதில் ஒரு வரிகூடக் கிடைக்கவில்லை.

சரி, பயிற்சி நடத்துகிறவர்களுக்கு ஒரு கோரிக்கை. தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளம் வருகிறது. சின்னப் பட்டறைகளுக்கும் வேலை வரலாம். இப்படிப்பட்டவர்களை அழைத்து, தமிழில், எங்களால் கட்ட முடிகிற கட்டணத்தில் கடலூரிலும் வகுப்பு வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றாலும் வருவோம்.