கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பால்வெட்டுக் கத்தி

சென்ற பள்ளி விடுமுறையில் மகளையும் அம்மாவையும் கோலாலம்பூர் கேஎல்சிசியிலுள்ள பெட்ரோசைன்சு அறிவியல் கூடத்துக்கு அழைத்துச் சென்றேன். 1999இல் திறக்கப்பட்ட அந்தக் கூடத்தில், எண்ணெய் எப்படி உருவாகிறது, கடலடியில் எப்படித் துளையிடுகிறார்கள் என்பதைப் பிள்ளைகள் தொட்டும் இயக்கியும் தெரிந்துகொள்ளலாம். குறை சொல்ல மனம் வரவில்லை.

ஆனால் முன்பு வேறொரு கூடத்தில் கண்டது நினைவுக்கு வந்தது: ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவும் ஒரு பால்வெட்டுக் கத்தி, பால் பிடிக்கும் ஒரு மங்கு, பழுப்பேறிய புகைப்படம், கீழே ‘தோட்டத் தொழிலாளர் வாழ்க்கை’ என்று ஒரு வரி. எண்ணெய் எடுப்பது தொழில்நுட்பம், ரப்பர் பால் எடுப்பது மட்டும் பழங்கதையா?

26 ஆண்டுகள் ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டிய அம்மாவுக்கு அந்தக் கத்தியின் கணக்கு அத்துப்படி. பட்டைக்குள் பால் குழாய்கள் செங்குத்தாகச் செல்வதில்லை. மேலே போகப் போகச் சற்றே வலப்பக்கம் சாய்கின்றன. அதனால்தான் வெட்டு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் சரிகிறது. அப்போதுதான் அதிகக் குழாய்கள் அறுபடும். ஒரு முறை சீவும் பட்டை ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர்தான். ஆழம் தவறி உள்ளிருக்கும் வளர்படையில் கத்தி பட்டுவிட்டால், புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பிறகு அங்கே கத்தி ஓடாது. விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு முன் ஆள் கணக்கெடுப்புக்கு, நின்றதற்கும் காரணம் உண்டு: குளிர்ந்த வேளையில் குழாய்களுக்குள் அழுத்தம் கூடுதல், வெயில் ஏற ஏறப் பால் வரத்துக் குறைந்துவிடும். (துரைக்குப் பயந்துதான் அவ்வளவு சீக்கிரம் எழுந்தார்கள் என்று சிறுவயதில் நினைத்திருந்தேன்.)

மரத்தைப் பாழாக்காமல் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையைச் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில் சோதித்து வகுத்தவர் தாவரவியலாளர் ஹென்றி ரிட்லி. அவர் பெயரைச் சொல்லட்டும், தகும். அந்த முறையை நாள்தோறும் நூற்றுக்கணக்கான மரங்களில், நெற்றி விளக்கின் வெளிச்சத்தில், மில்லிமீட்டர் பிசகாமல் செய்துகாட்டிய கைகளின் திறமையும் தொழில்நுட்பக் கணக்கில்தான் சேர வேண்டும். 1903இல் தொடங்கப்பட்ட மியூனிக்கின் டாய்ச்சஸ் மியூசியம், சுரங்கத் தொழிலை விளக்கக் கட்டடத்துக்கு அடியில் ஒரு சுரங்கத்தையே அமைத்தது. நமக்கு அவ்வளவு செலவுகூட வேண்டாம். பட்டையோடு ஒரு மரத்தண்டு, பிள்ளைகள் சீவிப் பார்க்க ஒரு கத்தி, பக்கத்தில் நின்று கைபிடித்துச் சொல்லித்தர ஒரு பழைய பால்வெட்டுக்காரர் போதும்.

அம்மாவிடம் இதைச் சொன்னேன். “கத்திய நான்தான் தீட்டுவேன். கூரு இல்லாட்டி பட்ட கிழியும், சீவாது” என்றார்.