வைகைக் கரையில் 293 இடங்கள்

கீழடியைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் என் மனம் பேர் தெரியாத மற்ற திடல்களின் பக்கம் போய்விடுகிறது. 2013-14இல் இந்தியத் தொல்லியல் துறையின் அகழாய்வுப் பிரிவு, அமர்நாத் ராமகிருஷ்ணாவின் தலைமையில், வைகை பிறக்கும் வருசநாட்டு மலைப்பகுதி தொடங்கி அழகன்குளம் வரை இரு கரைகளிலும் கள ஆய்வு செய்து, தொல்லியல் தடயங்கள் உள்ள 293 இடங்களைப் பதிவு செய்தது. கீழடி அவற்றுள் ஒன்று. ஏறத்தாழ 110 ஏக்கர் பரப்புள்ள அந்த மேடு தென்னந்தோப்பாக இருந்ததால்தான் பெரிதும் குலையாமல் தப்பியது. மற்ற மேடுகள் எல்லாவற்றுக்கும் அந்தப் பேறு வாய்க்கவில்லை.

எங்கள் ஊர்ப்பக்கம் கண்மாயை ஒட்டி ஒரு திடல் இருந்தது. சிறுவயதில் அங்கே கருப்பும் சிவப்புமான பானையோடுகளைப் பொறுக்கி, தண்ணீரில் தத்தவிட்டு விளையாடியிருக்கிறோம். பின்னாளில் ஒரு கோடையில் பொக்லைன் இயந்திரம் வந்தது. சில வாரங்களில் திடல் தரைமட்டமாயிற்று. உடைந்த தாழியின் வாய்ப்பகுதி ஒன்று வரப்போரம் கிடந்ததை நானே பார்த்தேன். அதை யாரிடம் சொல்ல வேண்டும் என்று எனக்கோ ஊரில் மற்றவர்களுக்கோ தெரிந்திருக்கவில்லை. அந்த வருத்தம் இன்றும் என்னை விடவில்லை.

பொருள்கள் கிடைத்துவிட்டால் போதாதா, மண் போனால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. கீழடியில் 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த கரிம மாதிரி ஒன்றின் காலம் கி.மு. 580 என அமெரிக்க ஆய்வகம் கணித்ததையும், அதனைக் கொண்டே அக்குடியிருப்பின் காலத்தைக் கி.மு. ஆறாம் நூற்றாண்டுக்குக் கொண்டுசெல்லலாம் எனத் தமிழ்நாடு தொல்லியல் துறை 2019இல் அறிவித்ததையும் நாம் அறிவோம். அந்தக் கரித்துண்டுக்குப் பொருள் தந்தது அது கிடந்த மண்ணடுக்குதான். அதே துண்டு லாரி மண்ணோடு கலந்து எங்கோ ஒரு மனையடியில் கொட்டப்பட்டிருந்தால், அதற்கு வயது இருக்கும். ஆனால் எந்தச் சுவரோடு, எந்தப் பானையோடு, எந்த எழுத்தோடு சேர்ந்தது என்பதை எவராலும் சொல்ல முடியாது.

ஓரிடத்தை மட்டும் காப்பதும் போதாது. கீழடியில் வாழ்ந்தோரின் இடுகாடாகக் கருதப்படுவது கொந்தகை. மேலே தேனிப் பக்கம் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டறியப்பட்ட, தமிழி எனும் பழந்தமிழ் எழுத்து பொறித்த நடுகல்லில் 'கூடல் ஊர் ஆகோள்' என்ற சொற்கள் உள்ளன; ஆகோள் என்றால் ஆநிரை கவர்தல். கீழே அழகன்குளத்தில் ரோமானியக் காசுகளும் கப்பல் உருவம் கீறிய பானையோடும் கிடைத்தன. ஆநிரை கவர்ந்த மேய்ச்சல் நிலமும் நெசவும் எழுத்தும் அறிந்த கீழடிக் குடியிருப்பும் கடல்வணிகத் துறையும் ஒரே ஆற்றால் இணைந்திருந்தன என்னும்போது, இடையிலுள்ள மேடுகளை இழப்பது ஒரு நூலின் நடுப்பக்கங்களைக் கிழிப்பதற்கு ஒப்பாகும்.

அதற்காக 293 இடங்களையும் உடனே அகழ வேண்டும் என்று கோரும் நண்பர்களோடு நான் உடன்படவில்லை. அகழாய்வு என்பதே அடுக்குகளைக் கலைத்துப் படிக்கும் வேலை. ஒருமுறை கலைத்ததை மீண்டும் அடுக்க முடியாது. அகழ்ந்ததற்கான அறிக்கையும் காலத்தே வெளிவர வேண்டும். கீழடியின் முதலிரு கட்டங்களுக்கான 982 பக்க அறிக்கையை அமர்நாத் ராமகிருஷ்ணா 2023 ஜனவரியில் அளித்தார்; காலக்கணிப்பு உள்ளிட்டவற்றில் திருத்தம் கோரி இந்தியத் தொல்லியல் துறை 2025 மே மாதம் அதைத் திருப்பி அனுப்பியது. காலக்கணிப்பில் கருத்து வேறுபாடு எழுவது அறிவுத்துறையில் இயல்பு. அந்த வாதம் அறிக்கையை வெளியிட்ட பின், ஆய்வாளர் அனைவரின் கண்முன் நடப்பதே முறை.

இப்போதைய தேவை பாதுகாப்பு. அதற்கு நிலத்தையெல்லாம் கையகப்படுத்த வேண்டியதில்லை. பானையோடு கிடைத்ததென்று சொன்னால் நிலம் போய்விடும் என்ற அச்சத்தால்தான் பல உழவர்கள் வாய் திறப்பதில்லை. வழக்கமான உழவு தொடரலாம், ஆழத் தோண்டுவதும் மண் எடுப்பதும் மட்டுமே கூடாது, அதனால் நேரும் இழப்புக்கு ஈடு கிடைக்கும் என்று எழுத்தில் உறுதி தந்தால் அவர்களே முதல் காவலர்களாவார்கள். 293 இடங்களின் புல எண்களையும் வருவாய்ப் பதிவேட்டில் குறித்துவிட வேண்டும். வரும் கோடையிலும் வண்டலும் சவுடும் அள்ள அனுமதி கேட்டு விண்ணப்பங்கள் வரும். அவற்றை வாங்கும் கிராம நிர்வாக அலுவலரின் மேசையில் அந்தப் பட்டியலும் இருக்க வேண்டும்.