எக்ஸ்ரே வந்தால் விஞ்ஞானம், கார்பன் வந்தால் சதியா?

மறுபடியும் அதே பார்வர்ட். “தூரின் புனிதத் துணி 2000 ஆண்டு பழையது, விஞ்ஞானமே ஒப்புக்கொண்டது, அல்லேலூயா!” இயேசுவின் உடலைச் சுற்றியதாகப் பலர் நம்பும், ஓர் ஆளின் உருவம் பதிந்த, இத்தாலியின் தூரின் நகரிலுள்ள துணிதான் அது. பகிர்ந்தவர்களில் எத்தனை பேர் அந்த ஆய்வுக் கட்டுரையைத் திறந்து பார்த்தீர்கள்?

2022இல் இத்தாலிய ஆய்வாளர்கள் அளந்தது ஒரே ஒரு நூல்துண்டு. எக்ஸ்ரே பாய்ச்சி, லினன் நூலின் நார்ப்பொருளான செல்லுலோஸ் எவ்வளவு சிதைந்திருக்கிறது என்று பார்த்தார்கள். இஸ்ரேலின் மசாதா கோட்டையில் கிடைத்த முதல் நூற்றாண்டுத் துணியோடு ஒத்துப்போகிறது என்றார்கள். ஆனால் இந்தச் சிதைவு வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் பொறுத்தது. அதனால் கட்டுரையே ஒரு நிபந்தனை போடுகிறது: துணியின் வரலாறு தெரியவரும் 14ஆம் நூற்றாண்டுக்கு முன் 13 நூற்றாண்டுகள் அந்தத் துணி 20 முதல் 22.5 டிகிரி வெப்பத்தில், 55–75 விழுக்காடு ஈரப்பதத்தில் இருந்திருக்க வேண்டும். ஏசி அறையிலா வைத்திருந்தார்கள்? 1532இல் துணி இருந்த ஷாம்பெரி சிற்றாலயம் தீப்பிடித்து, உருகிய வெள்ளி துணியைப் பொத்தலாக்கியது வேறு கதை. பார்வர்டில் நிபந்தனையை மட்டும் காணோம்.

பழம்பொருளின் வயதைக் கணக்கிட உதவும் கதிரியக்கக் கார்பனான கார்பன்-14க்கு வெப்பம், ஈரம் எல்லாம் பொருட்டில்லை. அது தன் வேகத்தில்தான் சிதையும். 1988இல் ஆக்ஸ்போர்டு, சூரிக், அரிசோனா ஆய்வகங்களுக்கு ஆளுக்குச் சுமார் 50 மில்லிகிராம் துணி. அமிலத்திலும் காரத்திலும் கழுவி, எரித்து, வந்த வாயுவை கிராஃபைட்டாக்கி, அதிலிருந்த கார்பன்-14 அணுக்களை எண்ணினார்கள். ஒப்பிட வேறு மூன்று பழந்துணிகளையும் கூடவே அளந்தார்கள். விடை: துணி கி.பி. 1260–1390 காலத்தது.

“தீயின் புகையும் கைபட்ட அழுக்கும் கணக்கைக் கெடுத்துவிட்டன” என்பீர்கள். முதல் நூற்றாண்டுத் துணி 14ஆம் நூற்றாண்டாகத் தெரிய, மாதிரியின் கார்பனில் சுமார் 60 விழுக்காடு இக்காலத்ததாக இருக்க வேண்டும். துணியைவிட அழுக்கு அதிகம்! “வெட்டிய மூலை பின்னாளில் புது நூலால் மறுநெசவு செய்த பகுதி” என்பீர்கள். 2002 சீரமைப்பை நடத்திய துணி நிபுணர் மெக்டில்ட் ஃப்ளூரி-லெம்பெர்க்கே அதை மறுத்துவிட்டார்.

“ஒரே மூலையில் வெட்டினார்கள்” என்பது நியாயமான குறை. துணியின் கார்பன் வயது ஆக்ஸ்போர்டில் 750 ஆண்டு, அரிசோனாவில் 646 ஆண்டு என்ற இடைவெளியும் உறுத்துகிறது. மூல அளவுகளை 2017 வரை பூட்டி வைத்தது அதைவிட மோசம். ஆனால் நூறாண்டு இடைவெளியைக் காட்டி 1300 ஆண்டைத் தாண்ட முடியாது. சரி, ஒரு மூலை போதாது என்றவர்களுக்கு இப்போது ஒரு நூல் எப்படிப் போதுமாயிற்று? அதுவும் கார்பன் சோதனைக்கு வெட்டிய அதே மூலைக்குப் பக்கத்தில் எடுத்த நூல்!

பகுத்தறிவு நண்பர்களும் துள்ள வேண்டாம். அந்த உருவம் எப்படிப் பதிந்தது என்பதற்கு எல்லாரும் ஏற்கும் விடை இன்னும் இல்லை.

கேள்வி கேட்டால் உடனே “உனக்கு விசுவாசம் இல்லை” என்கிறீர்கள். வலிக்கத்தான் செய்கிறது. 1988 அக்டோபரில் அந்த முடிவை உலகுக்கு அறிவித்தவர் தூரின் கர்தினால் பல்லெஸ்த்ரேரோ. இந்தக் கேள்விகளில் தீர்ப்புச் சொல்லும் தகுதி திருச்சபைக்கு இல்லை, அறிவியலாளர்களிடம் ஒப்படைக்கிறது என்று 1998இல் தூரினிலேயே சொன்னவர் போப் இரண்டாம் ஜான் பால். அவர்களுக்கும் விசுவாசம் போதாது என்று கமெண்டில் எழுதுங்கள், பார்க்கலாம்.