கைதோவின் கையை விடுங்கள், கயிற்றைப் பாருங்கள்

'ஹ்யோக்கா' என்ற ஜப்பானிய அனிமே தொடரின் 8 முதல் 11 வரையிலான பாகங்களைப் பார்க்காதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 2012இல் வந்த தொடர்தான், இருந்தாலும் முடிச்சை அவிழ்த்துவிட்ட பாவம் எனக்கு வேண்டாம்.

சிங்கப்பூர்த் தமிழ் அனிமே ஆட்களிடம் இந்த நான்கு பாகங்களைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், தேக்காவில் டீ ஆறிப்போகும் வரை சண்டை ஓயாது. பெரும்பான்மைக் கட்சி, "கேமராமேன்தான் கொலைகாரன், நாயகன் ஓரெக்கி சொன்னது சரி, மீதியெல்லாம் சும்மா சோகம் சேர்க்க வைத்தது" என்கிறது. அது தப்பு என்பது என் கட்சி. பிடித்த முடிவு, பிடிக்காத முடிவு என்கிற விஷயமே இல்லை இது. தடயக் கணக்கிலேயே இடிக்கிறது.

தெரிந்த கதைதான், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பள்ளிக் கலைவிழாவுக்காக 2-எஃப் வகுப்பு ஒரு மர்மப் படம் எடுக்கிறது. கதை எழுதிய ஹோங்கோ உடம்பு முடியாமல் படுத்துவிட, படம் பாதியில் நிற்கிறது. முடிவைக் கண்டுபிடிக்கச் சொல்லி அதே வகுப்பின் இரிசு, ஓரெக்கியையும் அவன் மன்றத் தோழர்கள் இபாரா, ஃபுகுபே, சிதாந்தாவையும் கூப்பிடுகிறாள். எடுத்தவரைக்கும் இருப்பது இவ்வளவுதான்: ஆள் இல்லாத சுரங்க ஊரில் ஒரு பாழடைந்த அரங்கம், அதற்குள் ஆறு பேர். ஆளுக்கொரு பக்கமாகப் பிரிகிறார்கள். திரும்பி வந்தால் மேடைக்கு வலப்பக்க அறையில் கைதோ கிடக்கிறான், கை துண்டாகி. கதவு பூட்டியிருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே புல் மண்டிக் கிடக்கிறது, ஒரு புல்கூட மிதிபடவில்லை.

இதற்கு வகுப்பிலிருந்தே மூன்று பேர் விடை சொல்கிறார்கள். கொலையாளி ஜன்னல் வழியாகப் போய்விட்டான் என்கிறான் நகாஜோ. நம் ஊரில் லாலாங் புல்லுக்குள் ஒரு தடவை நடந்தவருக்குக்கூட அதில் உள்ள ஓட்டை தெரியும். முட்டி உயரப் புல்லில் இரண்டடி வைத்தாலே தடம் விழுந்துவிடும், அரை மணி நேரத்தில் நிமிராது. சவாகிகுச்சியின் விடை பேய்ப்படப் பக்கம் போய்விடுகிறது, அவளை விட்டுவிடலாம். சுவாரசியமான ஆள் ஹாபா. அந்த ஆறு பேரில் ஒருத்தியான கோனோசு மலையேற்றக் குழுவில் இருப்பவள், மேல்மாடியிலிருந்து கயிற்றில் இறங்கி ஜன்னல் வழியே நுழைந்தாள் என்கிறான் அவன். புல் பிரச்சினை அதிலேயே தீர்ந்துவிடுகிறது. ஆனால் அந்த ஜன்னல் இறுகிப்போனது. பழைய அடுக்குமாடி புளோக்குகளில் துருப்பிடித்துச் சிக்கிக்கொள்ளும் ஜன்னலைத் திறக்கிற சத்தம் கேட்டிருப்பீர்களே, அதே கதை. சத்தமில்லாமல் திறந்து, உள்ளே இருப்பவனுக்குத் தெரியாமல் பின்னால் போய் நிற்பது நடக்காது. வகுப்பு எடுத்துவைத்த படத்தை ஹாபா பார்க்கவே இல்லை, அதனால்தான் ஜன்னல் அவன் கணக்கில் வரவில்லை.

அப்புறம்தான் ஓரெக்கியின் கேமராமேன் வருகிறான். படம் பிடிப்பவனே கதையில் ஏழாவது ஆள், எல்லோரும் பிரிந்துபோன பிறகு மாற்றுச்சாவியை எடுத்துக்கொண்டு போய் முடித்துவிட்டு வந்தான். அழகான விடை. கதவு, புல், ஜன்னல் மூன்றும் ஒரே அடியில் சரியாகிவிடுகின்றன. வகுப்பும் அதையே எடுத்துக் கைதட்டல் வாங்குகிறது. படமாகப் பார்த்தால் அதுதான் நல்ல முடிவு, நானும் ஒப்புக்கொள்கிறேன். ஹோங்கோவின் முடிவு அதுவா என்பதுதான் கேள்வி.

இபாரா ஒரே கேள்வியில் அதைச் சாய்த்துவிடுகிறாள்: கயிறு எங்கே? ஆள் தாங்குகிற உறுதியான கயிறு வேண்டும் என்று ஹோங்கோ கேட்டிருக்கிறாள். கேமராமேன் கதையில் கயிற்றுக்கு வேலையே இல்லை. "அது ஹாபா வேலை, சும்மா வாங்கி வைத்தது" என்று சிலர் தட்டிக்கழிக்கிறார்கள். கட்டுவதற்கோ தொங்கவிட்டுக் காட்டுவதற்கோ துணி காயப்போடும் கயிறு போதும். ஆள் தாங்கவேண்டும் என்று ஒருவர் தனியாகச் சொல்கிறார் என்றால், அதில் ஆள் ஏறப்போகிறார் என்றுதான் அர்த்தம்.

இங்கே கொஞ்சம் நின்று யோசிக்கவேண்டும். இறங்குவது பெரிய காரியம் இல்லை. மேலே அசையாத தூண் ஒன்றில் கட்டி, கயிற்றை உடம்போடு சுற்றி உராய்வில் வேகத்தைக் குறைத்து இறங்கிவிடலாம். சிக்கல் திரும்பிப் போவதில். தரையில் கால் வைத்தால் புல் காட்டிக்கொடுத்துவிடும், ஆகவே வந்த வழியே ஏறித்தான் போகவேண்டும். வெறும் கையால் கயிறு ஏறுவது பயிற்சி இல்லாதவர்களால் ஆகாது, பாதி வழியில் கை விட்டுப்போகும். தெரிந்தவர்கள் மெல்லிய கயிற்றில் இரண்டு வளையம் செய்து, பெரிய கயிற்றில் இறுக்குமுடிச்சாகப் போட்டுக்கொள்வார்கள். எடை விழுந்தால் முடிச்சு பிடித்துக்கொள்ளும், எடையை எடுத்தால் மேலே தள்ளலாம். ஒன்றில் இடுப்பு, ஒன்றில் கால், மாற்றி மாற்றி ஏறினால் ஒரு மாடிக்குச் சில நிமிடம் போதும். ஆறு பேரில் மலையேற்றக் குழு ஆள் கோனோசு ஒருத்திதான். அந்தப் பாத்திரத்துக்கு அவளைப் போட்டது தற்செயல் என்றால் நான் நம்பமாட்டேன்.

சரி, ஜன்னல்? ஹாபாவின் விடை விழுந்தது அங்கேதானே. ஜன்னலைக் கோனோசு திறக்கவில்லை, கைதோவே உள்ளிருந்து திறந்துவிட்டான் என்று வைத்துப்பாருங்கள். தெரிந்த பெண் வெளியே தொங்கிக்கொண்டு தட்டுகிறாள், யாராக இருந்தாலும் திறப்பார்கள். சத்தம் வந்தாலும் அவனுக்கு மட்டும்தான் கேட்கும். அவள் குத்துகிறாள், அவன் சாகவில்லை. அவள் ஏறிப்போகிறாள். அவன் ஜன்னலைச் சாத்துகிறான், கதவையும் உள்பக்கமாகப் பூட்டிக்கொள்கிறான், அவளைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல். பூட்டிய அறைக்கு மாற்றுச்சாவியும் வேண்டாம், ஏழாவது ஆளும் வேண்டாம். ஓரெக்கியும் கடைசியில் ஏறக்குறைய இந்தப் பக்கம்தான் வந்து சேர்கிறான்.

"கை துண்டாகிக் கிடந்தவன் எப்படிப் பூட்டுவான்?" என்று உடனே கேட்பீர்கள். அதற்குத்தான் இரத்தக் கணக்கு. ஹோங்கோ சொன்ன அளவுச் செயற்கை இரத்தம் போதவில்லை என்று படத்துக்கான பொருள்களைச் சேர்த்தவர்களே அதை அதிகமாக்கினார்கள். வளர்ந்த ஓர் ஆளின் உடம்பில் ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தம் ஓடுகிறது. கையே போனால் அறை முழுக்கச் சிவப்பாகத்தான் இருக்கும். அவள் குறைவாகக் கேட்டது அளவு தெரியாமல் இல்லை, எழுதியதே ஒரு காயத்தைத்தான். வெட்டுப்பட்ட கை வகுப்பின் உற்சாகம். நடிகர்களும் பொருள் செய்தவர்களும் ஆளுக்கொரு பிடி மசாலா போட்டதில் காயம்பட்டவன் பிணமாகிவிட்டான். பள்ளி இணைப்பாட நடவடிக்கையாக (சிசிஏ) நாடகத்தில் வேலை செய்த எவருக்கும் இது புதிதில்லை.

ஹோங்கோ இந்தப் படத்துக்காகப் படித்ததெல்லாம் ஷெர்லாக் ஹோம்ஸ் மட்டும், அதனால் பார்வையாளரை ஏமாற்றும் கேமரா உத்தி அவளுக்கு வந்திருக்காது என்பது ஃபுகுபேயின் வாதம். காலக்கணக்கு வைத்துப் பேசினால் அதில் சின்ன ஓட்டை உண்டு: ஹோம்ஸின் கடைசித் தொகுப்பு வந்ததே 1927இல், கதைசொல்லியே கொலையாளி என்கிற உத்தி அதற்கு முந்தைய வருடமே அகதா கிறிஸ்டி கையில் பிரபலமாகிவிட்டது. ஆனால் அவள் படித்தது அந்தக் காலத்தை இல்லை, அந்த ஆளை. ஹோம்ஸில் கதைசொல்லி பெரும்பாலும் வாட்சன், ஒன்றிரண்டில் ஹோம்ஸே. குற்றவாளி கதை சொல்வதில்லை. அதைவிட முக்கியம், ஹோம்ஸ் கதைகளில் கொலையே இல்லாதவை ஏராளம். சிவப்புத் தலையர் சங்கத்தில் நடப்பது வங்கிக்குச் சுரங்கம் தோண்டுவது. உதடு கோணிய மனிதனில் செத்தவனே கிடையாது. மர்மக் கதையை இதிலிருந்து மட்டும் கற்றுக்கொண்டவளுக்கு 'மர்மம்' என்றால் பிணம் வேண்டும் என்று எப்படித் தோன்றும்? அவள் புத்தகத்தில் போட்ட குறிகளும் அதையே சொல்கின்றன. சோகமாக முடியும் கதைகளுக்குப் பெருக்கல் குறி, நல்லபடி முடிவதற்கு இரட்டை வட்டம். அதைத் திருட ஏற்ற உத்திகளின் பட்டியல் என்று முதலில் நினைத்ததுதான் ஓரெக்கியின் சறுக்கல்.

சிதாந்தா கேட்டதும் இதோடு சேர்ந்ததுதான். ஹோங்கோவின் நெருங்கிய தோழி எபா கூடவே சுற்றுகிறாள், விடை வேண்டுமென்றால் அவளிடம் கேட்டிருக்கலாமே? மூல நாவலின் ஆங்கிலத் துணைத்தலைப்பே இந்தக் கேள்விதான். இரிசு கேட்கவில்லை, ஏனென்றால் அவளுக்கு வேண்டியது ஹோங்கோவின் விடை இல்லை. வேறொரு திரைக்கதை வேண்டும், அது ஹோங்கோ தோற்றதாகத் தெரியாமல் கிடைக்கவும் வேண்டும். துப்பறியும் வேஷத்தில் ஓரெக்கி எழுதிக்கொடுத்தது அதைத்தான்.

என் விடையிலும் ஒரு பொத்தல் இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. கோனோசு ஏன் குத்தினாள், கைதோ ஏன் மன்னித்தான் என்பதற்கு எடுத்த காட்சிகளில் ஒரு வரிகூட இல்லை. அது ஹோங்கோ எழுதாத பாதியில் போய்விட்டது. கேமராமேன் கட்சிக்காரர்கள் அங்கே பிடிக்கலாம். ஆனால் பிடிப்பதற்கு முன், 8ஆம் பாகத்தில் அந்த ஜன்னல் வரும் இடத்தில் நிறுத்தி, கைதோவின் கையைப் பார்க்காமல் வெளியே புல்லையும் அதற்கு மேலே எவ்வளவு உயரம் இருக்கிறது என்பதையும் பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள்.