அக்டோபர் வந்தால் பூனை வரும்

அக்டோபர் பிறந்துவிட்டால் போதும், என் முகநூல் சுவர் குட்டி போட ஆரம்பித்துவிடும். 4ஆம் தேதி உலக விலங்குகள் தினம். 8 ஆக்டோபஸுக்கு (எட்டுக் கை, எட்டாம் தேதி, மாதத்தின் பெயரிலேயே ஒரு எட்டு. இதை யோசித்தவருக்கு ஒரு கைகுலுக்கல், ஆக்டோ என்றால் எட்டு). 16 உலகப் பூனை தினம். 20 ஸ்லாத்துக்கு (மரத்தில் தொங்கியபடி மெதுவாக நகருமே, அது). 23 பனிச்சிறுத்தைக்கு. 27 பிரிட்டனில் கறுப்புப் பூனைக்கு. 29 அமெரிக்காவில் மறுபடியும் பூனைக்கு. ஆகஸ்ட் 8இல் ஏற்கெனவே ஒரு சர்வதேசப் பூனை தினம் போயிருக்கும். ஜப்பான்காரர்களுக்கு அது பிப்ரவரி 22: அவர்கள் மொழியில் 2-2-2 என்று சொன்னால் பூனை மூன்று முறை கத்துவது போலக் கேட்குமாம். ஆக, பூனைக்கு மட்டும் வருடத்தில் எத்தனை பிறந்தநாள் என்று பூனைக்கே தெரியாது.

"மத்த நாள்ல எல்லாம் அதுங்களைப் பட்டினி போடுவீங்களா?" என்று கேட்கும் கூட்டத்தில் நானும் ஒருவனாக இருந்தேன். இப்போது பாதி மாறிவிட்டேன். அந்தப் பாதியைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று வருடங்களுக்கு முன் ஓர் அக்டோபர் 29. எங்கள் வீட்டுப் பூனை மிளகுக்கு அப்போது பதினொரு வயது. எல்லோரும் படம் போடுகிறார்களே என்று நானும் ஒரு இருபது நொடி வீடியோ போட்டேன். மிளகு கிண்ணத்தில் தண்ணீர் குடிக்கிறாள். குடிக்கிறாள், குடித்துக்கொண்டே இருக்கிறாள். மேலே "தாகசாந்தி" என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான். ஹார்ட்டின்கள் குவிந்தன. "செல்லக்குட்டி", "கண்ணு பட்டுடப் போகுது" வகையறா. நடுவில் ஒரே ஒரு பின்னூட்டம் மட்டும் வேறு மாதிரி இருந்தது. கால்நடை மருத்துவமனை ஒன்றில் உதவியாளராக வேலை செய்யும், நான் நேரில் பார்த்தே இராத ஒரு தோழி எழுதியிருந்தார்: "எப்பவுமே இவ்வளவு நேரம் குடிப்பாளா, இல்ல இப்பதானா?"

எனக்கு எரிச்சல்தான் வந்தது. நல்ல நாளும் அதுவுமாக இது என்ன கேள்வி? ஆனால் அன்று ராத்திரி படுத்தபின் கணக்குப் போட்டுப் பார்த்தேன். தினம் ஒரு முறை நிரப்பிய கிண்ணத்தைக் கொஞ்ச நாளாக இரண்டு முறை நிரப்புகிறேன். மணல் தட்டில் ஈரக்கட்டி பெரிதாக இருக்கிறது. தூக்கினால் கை கனக்கவில்லை. இது எல்லாவற்றையும் நான் பார்த்திருக்கிறேன். பார்த்தேன் என்பதைத் தவிர வேறெதுவும் செய்யவில்லை.

இரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம் என்று வந்தது. மருத்துவர் விளக்கியது இன்னும் மனதில் நிற்கிறது. வீட்டுப் பூனையின் மூதாதை வறண்ட நிலத்துக் காட்டுப்பூனை. சொட்டுத் தண்ணீரையும் வீணாக்காமல் சிறுநீரைக் கெட்டியாக்கி வெளியேற்றும் உடம்பு அது. சிறுநீரகம் சோர்ந்தால் முதலில் போவது அந்தத் திறமைதான். தண்ணீர் நிற்காமல் வெளியே போகிறது, அதை ஈடுகட்டப் பூனை குடித்துக்கொண்டே இருக்கிறது. சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய க்ரியாட்டினின் என்ற கழிவு இரத்தத்தில் ஏறித் தெரியவரும்போது சிறுநீரகத்தின் பெரும்பகுதி கைவிட்டுப் போயிருக்கும். நான் அழகு என்று படம் பிடித்து ஊருக்குக் காட்டியது அந்த நோயின் அறிகுறியை.

அமெரிக்காவில் அக்டோபர் மூன்றாவது வாரத்தைக் கால்நடை மருத்துவ உதவியாளர்களுக்கென்று ஒதுக்கியிருக்கிறார்கள். அந்த வாரத்துக்கு யாரும் படம் போட்டு நான் பார்த்ததில்லை. நான் வருடா வருடம் அந்தத் தோழிக்கு ஒரு வாழ்த்து அனுப்புகிறேன்.

விலங்கின் அழகை ரசிப்பதில் குற்றமில்லை. ஆனால் நாம் ரசிப்பதில் எவ்வளவு நம் கற்பனை! பூனை குர்ர்ர் என்றால் சந்தோஷம் என்கிறோம். வலியிலும் அது குர்ர்ர் என்னும், பிரசவத்திலும் என்னும். தலை குனிந்து ஓரக்கண்ணால் பார்க்கும் நாயைத் 'தப்பு பண்ணிட்டு முழிக்குது பார்' என்கிறோம். 2009இல் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் இதைச் சோதித்துப் பார்த்தார். தவறு செய்த நாயா, செய்யாத நாயா என்பது அந்த முழியைத் தீர்மானிக்கவில்லை. சொந்தக்காரர் திட்டினாரா என்பதுதான் தீர்மானித்தது. தேவாங்கு இனத்தைச் சேர்ந்த ஸ்லோ லோரிஸ் ஒன்றைக் கிச்சுக்கிச்சு மூட்டும் வீடியோ கோடிக்கணக்கில் ஓடியதே, நினைவிருக்கிறதா? கையைத் தூக்கிக்கொண்டு 'இன்னும், இன்னும்' என்று கேட்பதாக உலகமே உருகியது. அதன் முழங்கைப் பக்கத்தில் ஒரு சுரப்பி இருக்கிறது. அதிலிருந்து வரும் திரவத்தை எச்சிலோடு கலந்து கடித்தால் விஷம். கையைத் தூக்கியது அந்தச் சுரப்பியை வாய்க்கு அருகே கொண்டுவர. பயத்தில். ஸ்லாத் சிரிப்பது கூட முக அமைப்புதான், சிரிப்பல்ல.

இந்தத் தினங்களின் பூர்வீகத்தைத் தேடிப் போனால் அங்கே படம் காட்டும் வேலை இல்லை. 'மனிதனும் நாயும்' என்ற பொருளில் ஜெர்மன் மொழியில் பத்திரிகை நடத்திய ஹைன்ரிஷ் சிம்மர்மன், 1925 மார்ச் 24 அன்று பெர்லின் விளையாட்டு அரங்கில் முதல் விலங்குகள் தினத்தை நடத்தினார். ஐயாயிரம் பேருக்கு மேல் வந்தார்கள். அவர் நினைத்திருந்தது அசிசியின் புனித பிரான்சிஸ் திருநாளான அக்டோபர் 4. அன்று அரங்கம் கிடைக்கவில்லை! 1929இல்தான் நினைத்த தேதிக்கு வந்து சேர்ந்தார். 1931இல் ஃப்ளாரன்ஸ் மாநாடு அதை உலக தினமாக ஏற்றது. எனக்கு இதில் பிடித்தது அந்த அரங்கம் கிடைக்காத கதைதான். தேதிக்காக அவர் காத்திருக்கவில்லை. வேலையை முதலில் செய்தார், தேதி பிறகு வந்தது.

16ஆம் தேதிக்கு வருகிறேன். இதில் என் அசடும் வெளிப்படும். ஒரு முறை காது நுனி வெட்டுப்பட்ட தெருப்பூனை ஒன்றைப் பார்த்துவிட்டு, "எந்தப் பாவி இதைச் செய்தான்" என்று ஆவேசப் பதிவு போட்டேன். நானூறு பேர் சேர்ந்து சபித்தார்கள். செய்தது பாவி இல்லை, மருத்துவர். தெருப்பூனையைப் பிடித்து, கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடும்போது, மயக்கம் தெளியும் முன்பே ஒரு காதின் நுனியைச் சிறிது நேராக வெட்டிவிடுவார்கள். தூரத்திலிருந்தே தெரியும் அடையாளம் அது. இல்லாவிட்டால் அதே பூனையை மறுபடி கூண்டில் பிடித்து, மறுபடி மயக்கம் கொடுத்து, வயிற்றைத் திறந்து பார்த்து, 'அடடா, ஏற்கெனவே ஆகிவிட்டதே' என்று தைக்க வேண்டும். பெண் பூனை நாலு மாத வயதிலேயே கருவுறலாம், சினைக்காலம் இரண்டு மாதம். எண்ணிக்கை எப்படி ஏறும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்டோபர் 16 தொடங்கியதே இதற்காகத்தான். 2001இல் அமெரிக்காவில் 'ஆலி கேட் அலைஸ்' அமைப்பு இதை நாட்டளவில் தெருப்பூனைகளுக்கான தினமாக ஆரம்பித்தது. பிறகு 'உலகப் பூனை தினம்' என்று பெயர் மாறிவிட்டது. என்னைக் கேட்டால் அது தவறு. பெயர் விரிந்ததும் உள்ளே இருந்த வேலை கரைந்துவிட்டது. இப்போது அன்றைக்கும் மெத்தையில் புரளும் பூனைப் படங்கள்தான்.

கறுப்புப் பூனை தினம் மட்டும் பரவாயில்லை. காப்பகங்களில் கறுப்புப் பூனைக்கு வீடு கிடைக்கத் தாமதமாகிறது என்ற ஒரே காரணத்துக்காக வந்தது. காரணம் பெயரிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது, கழற்ற முடியாது. அமெரிக்காவில் அக்டோபர் முழுவதையுமே காப்பக நாய்களைத் தத்தெடுக்கும் மாதம் என்கிறார்கள், அது குறித்து எனக்குத் தயக்கம் உண்டு. மாதத்துக்கு 31 நாள், நாய்க்குப் பத்துப் பதிமூன்று வருடம். படத்தைப் பார்த்து உருகி எடுத்துவந்தவர்கள் நவம்பரில் திருப்பிக் கொண்டுபோய் விட்ட கதை எனக்குத் தெரிந்த வட்டத்திலேயே இரண்டு.

அக்டோபர் கொண்டாட்டம் தொடங்க மூன்று நாள் முன்பு ஒரு தினம் சத்தமில்லாமல் போய்விடுகிறது. செப்டம்பர் 28, உலக ரேபிஸ் தினம். லூயி பாஸ்டர் இறந்த நாள். ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் இந்த நோயில் சாகிறார்கள் என்பது மதிப்பீடு. ஏறத்தாழ எல்லாமே நாய் மூலம் வருபவை, பத்தில் நான்கு பேர் பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள். கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு உடனே தடுப்பூசிக்குப் போக வேண்டும். அறிகுறி தெரிந்தபின் போனால் காப்பாற்ற வழியே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். இதற்கு ஹார்ட்டின் போட முடியாது, அதனால் யாரும் பகிர்வதில்லை. நாயை நேசிப்பவர் ஒருவர் வருடத்தில் ஒரே ஒரு தினம்தான் கொண்டாடுவேன் என்றால் நான் இதைத்தான் கைகாட்டுவேன். தடுப்பூசி அட்டையைப் படம் எடுத்துப் போடுங்கள். நாயைவிட அழகாக இருக்காது, ஒப்புக்கொள்கிறேன்.

படம் போடுபவர்களிடம் எனக்கு இப்போது சண்டை இல்லை. அந்த வீடியோவை நான் போடாமல் இருந்திருந்தால் அந்தக் கேள்வியும் வந்திருக்காது. பார்ப்பவர்களிடம்தான் ஒரு வேண்டுகோள். ஒரு ஹார்ட்டினோடு கடந்து போகாமல், சந்தேகம் வந்தால் கேளுங்கள். ஏன் ஒரு பக்கமாகவே மெல்லுகிறது? மூச்சு ஏன் அப்படி இரைகிறது? போட்டவர் எரிச்சல் படுவார். படட்டும்.

மிளகுக்கு இப்போது பதினாலு. சிறுநீரகத்துக்கான தனி உணவு, முகத்தைச் சுளித்துக்கொண்டு சாப்பிடுகிறாள். இந்த 29ஆம் தேதியும் அவள் படம் வரும், தராசில் உட்கார்ந்தபடி. போன மாதம் 3.4 கிலோ, இந்த மாதம் 3.3.