சங்கிலி நாயின் கழுத்தில் இருக்கட்டும்

வளர்ப்பு நாயைப் பொது இடத்தில் அவிழ்த்துவிடுபவர்களைப் பற்றி எழுதியதற்கு நன்றி. நான் கிருஷ்ணகிரிக்காரன். போன மாதம் அம்மாவோடு கே.ஆர்.பி. அணைப் பூங்காவுக்குப் போயிருந்தேன். எதிரே ஒருவர் லாப்ரடார் நாயோடு வந்தார். சங்கிலி அவர் மணிக்கட்டில் இரண்டு சுற்றாக இருந்தது, நாயின் கழுத்தில் வெறும் பட்டைதான். அம்மா கையில் வறுத்த மீன் பொட்டலம். நாய் ஓடிவந்து முன்கால் இரண்டையும் அம்மாவின் வயிற்றில் வைத்ததும் அம்மா பின்பக்கமாக விழுந்துவிட்டார். கடிக்கவில்லை. ஆனால் கை ஊன்றியதில் மூன்று வாரம் கட்டு. முழங்கையில் நகக்கீறல் வேறு.

“பயப்படாதீங்கம்மா, ஒண்ணும் பண்ணாது” என்றார் அவர், நின்ற இடத்திலிருந்தே. உங்களை ஒன்றும் பண்ணாது, சரி. எழுபது வயது அம்மாவுக்கு அது எப்படித் தெரியும்? தடுப்பூசி போட்டாச்சா என்று கேட்டேன். “வீட்லதான் கேக்கணும்” என்றார். ரத்தம் வரும் கீறலாக இருந்தாலும் ரேபிஸ் பயம் உண்டு. குழாயடியில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு ஊசிக்கு ஓடினோம்.

நாயின் மேல் எனக்குக் கோபமே இல்லை, அது மீன் வாசனைக்கு வந்தது. பிடித்திருக்க வேண்டியவர் அவர். தன் விலங்கால் பிறர் உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேராமல் பார்த்துக்கொள்ளத் தவறினால் பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 291-ஆம் பிரிவில் 6 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், இரண்டும்கூட விதிக்கலாம். இதை அணை வாசலிலேயே பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டும்.

அம்மா இப்போது மொட்டை மாடியிலேயே நடக்கிறார். பூங்காவுக்குக் கூப்பிட்டால் வர மறுக்கிறார்.